அம்மா அப்பாவுக்குக் கறுத்தக் கண், பிள்ளைக்குப் பூனைக்கண்: உயர்தர உயிரியல் வகுப்புக்கு ஒரு கேள்வி

உயிரியல்_வெள்ளவத்தை

உயர்தர வகுப்புக்குப் பரம்பரையியல் படிப்பிக்கிறேன். கண் நிறத்துக்குப் பல குறிப்புகளில் இன்னும் அந்தப் பழைய உதாரணம்தான் இருக்குது: பழுப்பு ஆட்சியுடையது (ஒரு பிரதி இருந்தாலே தெரியும்), நீலம் பின்னிடைவானது (இரண்டு பிரதியும் வேண்டும்), ஒரு சோடி எதிருரு (ஒரே பரம்பரையலகின், அதாவது ஜீனின், மாற்று வடிவங்கள்), பெற்றோரின் எதிருருக்களைச் சேர்த்துப் பார்க்கும் நாலு கட்டம், மூன்றுக்கு ஒன்று. பிள்ளைகள் அதோடு விடுகிறார்கள் இல்லை. பச்சை எந்தக் கட்டத்தில் வரும், தேன் நிறம் எதில் வரும் என்று கேட்கிறார்கள். கறுத்தக் கண் பெற்றோருக்குப் பூனைக்கண் பிள்ளை பிறக்கிறதைக் கட்டத்தில் காட்டலாம். இரண்டு நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறக்குமா என்றால் கட்டத்தின்படி பிறக்கக்கூடாது. உண்மையில் எப்படி?

இன்னும் இரண்டு விசயம். நீலக்கண்ணில் இருக்கிற நீலச் சாயம் என்ன? எங்கட ஆக்களில் பூனைக்கண்ணைக் கண்டால் உடனே பறங்கியர் கலப்பு என்று முடிவு கட்டுகிறார்களே, அதற்கு அடிப்படை இருக்கா? வகுப்பில் செலவில்லாமல் செய்து காட்டக்கூடியது ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.

கண்_கிளினிக்

நீலச் சாயத்திலிருந்தே தொடங்குவம். மனிதக் கண்ணின் நிறமுள்ள வளையமான கதிராளியில் அப்படியொரு சாயம் இல்லை. பச்சைச் சாயமும் இல்லை. இருப்பது மெலனின் மட்டும்தான்: கடும் பழுப்பான யூமெலனின், செம்மஞ்சள் சாயலுள்ள பியோமெலனின் என்று இரண்டு வகை. மற்ற நிறமெல்லாம் வெளிச்சம் செய்கிற வேலை.

கதிராளி ஏறத்தாழ 12 மி.மீ. குறுக்களவும் அரை மி.மீ. அளவு தடிப்பும் உள்ள ஒரு தட்டு. அதன் பின்பக்கத்தில் இரண்டு கலப்படை கொண்ட மேலணி இருக்கிறது. அதில் மெலனின் அடர்த்தியாக நிரம்பியிருக்கும். சுவீடன்காரருக்கும் எங்களுக்கும் இந்தப் பின்படை ஏறத்தாழ ஒரே மாதிரித்தான். வித்தியாசம் முன்பக்கத்தில். அங்கே ஸ்ட்ரோமா என்கிற தளர்வான இழையம்: கொலாஜன் நார்கள், குருதிக் கலன்கள், இடையிடையே மெலனின் செய்கிற மெலனோசைற்றுக் கலங்கள். பழுப்புக் கண்ணிலும் நீலக் கண்ணிலும் இந்தக் கலங்களின் எண்ணிக்கை பெரிதாக வேறுபடுவதில்லை. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எத்தனை மெலனோசோம் மணிகள், அவற்றுக்குள் எவ்வளவு மெலனின் என்பதுதான் வேறுபடும். "நீலக்கண்ணருக்கு நிறக்கலமே இல்லை" என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பது பிழை.

எங்கட கண் மாதிரி ஸ்ட்ரோமா நிறைய மெலனின் இருந்தால் உள்ளே போன வெளிச்சத்தில் பெரும்பங்கு அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும், கண் கடும் பழுப்பாகத் தெரியும். மெலனின் மிகக் குறைவென்றால் வெளிச்சம் நார்களுக்கிடையில் புகும். நுண்ணிய நார்கள் குறுகிய அலைநீளத்தை, அதாவது நீலத்தை, கூடுதலாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். சிவப்பும் மஞ்சளும் ஆழமாகப் போய்க் கறுத்தப் பின்படையில் முடிந்துவிடும். திரும்பி வருவது நீலம் மட்டும். பின்படை கறுப்பாக இருந்தால்தான் இது நடக்கும். அல்பினிசம் உள்ளவர்களில் பின்படையிலும் மெலனின் குறைவு. அதனால் வெளிச்சம் கதிராளியையே ஊடுருவும், சில கோணங்களில் கண் சிவந்து தெரியும், கூடவே கண்ணாட்டமும் (கண் தானாக ஆடுவது) வெளிச்சக் கூச்சமும் இருக்கும். அது பூனைக்கண்ணின் கூடிய நிலை அல்ல, வேறு விசயம். வகுப்பில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கோ.

பச்சை என்பது சிதறி வரும் நீலமும் ஸ்ட்ரோமாவில் இருக்கிற கொஞ்ச மஞ்சட்பழுப்பு மெலனினும் சேர்ந்தது. தேன் கலந்த பச்சைக் கண்களில் மெலனின் சீராகப் பரவியிராது. கண்மணியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம், வெளிவிளிம்பில் பச்சை என்று ஒரே கண்ணில் இரண்டு நிறம் கிடக்கும். இந்தக் கண்கள்தான் ரியூப் லைட்டின் கீழ் ஒரு நிறம், காலி முகத்திடல் வெயிலில் இன்னொரு நிறம் என்று ஆட்களைக் குழப்புவது. கண்மணி விரிந்தால் ஸ்ட்ரோமா நெருங்கும், சுருங்கினால் விரியும். அதாலும் சாயல் மாறும். கண் நிறத்தைச் சரியாகக் குறிக்க வேண்டுமென்றால் பகலில் யன்னலோரம் முகத்தைச் சாய்வாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நாடிக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் பிடித்துப் படம் எடுங்கோ. தாள் படத்தில் மஞ்சளாக விழுந்தால் அந்தப் படத்தில் கண் நிறத்தையும் நம்பக்கூடாது.

பரம்பரையலகுப் பக்கத்தை அந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லட்டும்.

நிறமூர்த்தம்_15

நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறக்கலாம். அரிதுதான், ஆனால் பிறந்திருக்கிறது.

நாலு கட்டக் கதையின் வேர் 1907இல் அமெரிக்காவில் கெர்ட்ரூட் டவன்போர்ட், சார்ள்ஸ் டவன்போர்ட் தம்பதி வெளியிட்ட கட்டுரை. மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டுச் சில வருடம்தான் ஆகியிருந்த காலம். மனிதனில் ஒரு சுலபமான உதாரணம் வேண்டியிருந்தது, கண் நிறம் அகப்பட்டது. பாதி உண்மை இருந்தபடியால் நூறு வருடத்துக்கு மேல் நின்று பிடிக்கிறது.

அந்தப் பாதி உண்மை 15ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. அங்கே ஓ.சி.ஏ.2 என்ற பரம்பரையலகு ஆக்கும் புரதம் மெலனோசோமின் மென்சவ்வில் இருந்துகொண்டு, உள்ளே அமிலத்தன்மை கூடாமல் பார்த்துக்கொள்கிறது. மெலனினை ஆக்கும் தைரோசினேஸ் நொதியம் அமிலத்தில் மந்தமாகிவிடும், நடுநிலைக்குக் கிட்டத்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே ஓ.சி.ஏ.2 குறைந்தால் மெலனினும் குறையும். 2008இல் டென்மார்க், அவுஸ்திரேலியா, நெதர்லாந்து ஆய்வுக் குழுக்கள் மூன்று தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: இந்தக் கூட்டல் குறைத்தலைச் செய்யும் ஆளி (சுவிட்ச்) ஓ.சி.ஏ.2 பரம்பரையலகுக்குள் இல்லை. பக்கத்திலுள்ள எச்.ஈ.ஆர்.சி.2 பரம்பரையலகின் 86ஆவது இன்ட்ரோனில் (புரதத்துக்குக் குறியீடு தராத துண்டில்), ஏறத்தாழ 21,000 மூலச்சோடி (டி.என்.ஏ. எழுத்துச் சோடி) தள்ளி இருக்கிறது. ஒரேயொரு எழுத்து: அடினின் இருந்தால் டி.என்.ஏ. இழை வளைந்து வந்து ஓ.சி.ஏ.2இன் தொடக்கப் பகுதியைத் தொடும், வேலை நடக்கும். குவானின் இருந்தால் அந்த வளைவு சரியாக உருவாகாது, ஓ.சி.ஏ.2 தணிந்துவிடும். தரவுத்தளங்களில் ஆர்.எஸ். 12913832 என்று தேடினால் வருவது இதுதான். எச்.ஈ.ஆர்.சி.2இன் சொந்தப் புரதத்துக்கும் இந்த நிற வித்தியாசத்துக்கும் தொடர்பில்லை. என்னைக் கேட்டால் கண் நிறத்தை ஆட்சி–பின்னிடைவுப் பாடத்தில் இருந்து எடுத்து, பரம்பரையலகுக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் போட வேண்டும். அங்கே இதைவிட நல்ல மனித உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு பிரதியும் குவானின் என்றால் பெரும்பாலும் வெளிர் கண், ஒரு பிரதி என்றால் பெரும்பாலும் பழுப்பு. கறுத்தக் கண் பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பிரதியை மறைத்து வைத்திருந்தால் பூனைக்கண் பிள்ளை வரலாம். இதுவரைக்கும் கட்டம் சரி. "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் கட்டம் உடைகிறது. தைரோசினேஸ் பரம்பரையலகு, எஸ்.எல்.சி.45.ஏ.2, எஸ்.எல்.சி.24.ஏ.4, ஐ.ஆர்.எஃப்.4 என்கிற வேறு பரம்பரையலகுகள் எல்லாம் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு ஏறத்தாழ 195,000 பேரின் டி.என்.ஏ.யைப் பார்த்து, கண் நிறத்தோடு தொடர்புள்ள, முன்பு தெரியாத 50 இடங்களைச் சேர்த்தது. ஆகவே ஒருவருடைய நீலம் வேறொரு பரம்பரையலகின் குறையால் வந்திருந்து, மற்றவருடையது இந்த ஆளியால் வந்திருந்தால், பிள்ளை இருவரிடமிருந்தும் வேலை செய்கிற பிரதிகளைப் பெற்றுப் பழுப்பாகலாம். தடயவியலில் 2011 முதல் அறியப்பட்ட ஐரிஸ்பிளெக்ஸ் முறை ஆறு இடங்களை மட்டும் பார்க்கிறது. ஐரோப்பியரில் நீலத்தையும் பழுப்பையும் நன்றாகச் சொல்லும், இடைநிறங்களில் தடுமாறும். ஆய்வுகூடச் சோதனைக்கே இந்த நிலை என்றால், கண் நிறத்தைப் பார்த்துத் தகப்பன் யார் என்று பேசுவது எவ்வளவு பிழை என்று யோசியுங்கோ. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கோ. வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளையின் வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே நடந்திருக்கக்கூடும்.

பறங்கியர் விசயம்: 1505இல் இலங்கைக்குப் போர்த்துக்கேயர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். சில குடும்பங்களில் அந்த வழி இருக்கலாம். ஆனால் அதை மட்டும் காரணமாக வைக்க முடியாது. இத்தாலியில் கிடைத்த ஏறத்தாழ 14,000 வருடப் பழைமையான எலும்புக்கூட்டிலேயே இந்தக் குவானின் எதிருரு இருக்கிறது. ஸ்பெயினில் கிடைத்த 7,000 வருடத்து மனிதனின் டி.என்.ஏ. கறுத்தத் தோலையும் வெளிர் கண்ணையும் சேர்த்தே காட்டுகிறது. தோல் நிறமும் கண் நிறமும் ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டை அல்ல. ஆப்கானிஸ்தான், வட பாகிஸ்தான் மலைப்பகுதிகளில் வெளிர் கண் சாதாரணம். தென்னாசியா முழுவதும் இந்த எதிருரு குறைந்த வீதத்தில் பரவியிருக்கிறது. கப்பல் வராமலே இங்கே வந்திருக்கலாம்.

வகுப்புக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு பாட்டனிடம் ஒரே ஒரு குவானின் பிரதி. அவருடைய மகனின் பிள்ளையும் மகளின் பிள்ளையும், எங்கட முறைப்படி மச்சான் மச்சாள், கலியாணம் செய்கிறார்கள். அந்தப் பிரதி பேரப்பிள்ளை ஒருவரிடம் இருக்க 1/4 வாய்ப்பு, இருவரிடமும் இருக்க 1/16, அவர்களுடைய பிள்ளைக்கு இரண்டு பிரதியாகச் சேர 1/64. பாட்டன் முதல் பெற்றோர் வரை எல்லாருக்கும் கறுத்தக் கண். ஊரில் எவருக்கும் இல்லாத கண் திடீரென்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது ஒரு நேரடியான விடை.

ஆய்வுகூடம்_பம்பலப்பிட்டி

செய்து காட்டக் கேட்டிருந்தீர்கள். நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடிக் குவளையில் அரை லீற்றர் தண்ணீர், வெள்ளை எல்.ஈ.டி. டோர்ச், கறுத்தத் துணி, வெள்ளைத்தாள், கொழுப்பு நீக்கிய பால்மா. கொழுப்புள்ள பால்மா எடுத்தால்தான் பலருக்குப் பிழைக்கிறது. கொழுப்புத் துளிகள் பெரியவை, எல்லா அலைநீளத்தையும் ஒரேயளவில் சிதறடிக்கும், வெறும் வெள்ளைதான் தெரியும். பாலின் புரதமான கேசினின் துகள்கள் மிகச் சிறியவை, நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும்.

பால்மாவைத் தனியாக ஒரு கிளாஸ் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து துளித்துளியாகக் குவளைக்குள் விடுங்கோ. குவளைக்குப் பின்னால் கறுத்தத் துணி. அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டிலிருந்து டோர்ச் அடித்தால் முன்னால் நிற்கிறவருக்கு மெல்லிய நீலச் சாயல் தெரியும். அந்த நிலையில் பாலை நிறுத்த வேண்டும். கூட விட்டால் நீலம் வெள்ளைக்குள் மறைந்துபோகும், தண்ணீர் சேர்த்துத்தான் திரும்ப எடுக்கலாம். டோர்ச்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், நீலம் பக்கத்தால் வெளியேறிவிட்டபடியால். பிறகு கறுத்தத் துணியை எடுத்துவிட்டு வெள்ளைத்தாளை வையுங்கோ. நீலம் மங்கிவிடும். கதிராளியின் பின்படை கறுப்பாக இருக்க வேண்டும் என்று மேலே எழுதப்பட்டது பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் விளங்கும். கடைசியாகத் துணியைத் திரும்ப வைத்து, ஆறிய கடும் பிளேன் டீயைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கோ. முதலில் நீலம்தான் போகும், பிறகு பழுப்பு ஏறும். சூடான டீ வேண்டாம், பால் திரிந்தால் எல்லாம் கலங்கிவிடும்.

கொட்டாஞ்சேனை_அக்கா

நடுவில் கேட்கிறதுக்கு மன்னிக்கவேணும். கண்தானத்தில் கிடைத்த கண் வைத்தால் கொடுத்தவருடைய நிறம் வருமா? வயது போன ஆக்களுக்குக் கறுத்தக் கண் ஓரத்தில் நீலமாகிறதே, அது என்ன? ஒரு கண் மட்டும் நிறம் மாறினால் பயப்பட வேணுமா?

கண்_கிளினிக்

அக்கா, நல்ல இடத்தில் கேட்டீர்கள்.

தானத்தில் வந்து பொருத்துவது கோர்னியா மட்டும். கடிகாரக் கண்ணாடி மாதிரி முன்னால் இருக்கிற ஒளிபுகும் படை அது. நடுவில் ஏறத்தாழ 8 மி.மீ. வட்டமாக வெட்டி மாற்றுவார்கள். கதிராளி பெறுகிறவருடையதே, அதனால் நிறம் மாறாது. 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கோர்னியா அனுப்பியிருக்கிறது. எங்கட ஆக்களின் கோர்னியாவோடு நீலக்கண்காரர் நீலக்கண்ணராகவே பார்க்கலாம்.

வயதானவர்களின் நீல வளையமும் கதிராளியில் இல்லை. கோர்னியாவின் விளிம்பில் கொழுப்பு படிவது அது. பின்னால் கறுத்தக் கதிராளி இருப்பதால் நீலச்சாம்பலாகத் தெரிகிறது. பார்வையைக் கெடுக்காது, மருந்தும் தேவையில்லை. நாற்பது வயதுக்கு முன்னமே வந்தால் மட்டும் கொலஸ்ட்ரோல் சோதனை செய்ய வேண்டும். கண்மணியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அது கற்றராக்ட்டாக (கண்புரை) இருக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளையின் கண்மணி பிளாஷ் படத்தில் திரும்பத் திரும்ப வெள்ளையாக விழுந்தால் நாள் கடத்தக்கூடாது. விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே கண் வைத்தியரிடம் காட்டுங்கோ.

ஒரு கண் மட்டும் நிறம் வேறென்றால் முதலில் பிறந்ததிலிருந்தா, புதிதாகவா என்று பிரிக்க வேண்டும். பழைய படங்களைக் கொண்டுவாருங்கோ, அதைப் போல உதவி வேறில்லை. பிறவியிலிருந்து வந்தவை பல தீங்கில்லாதவை. வெளிர் நிறக் கண்ணின் மேலிமை சற்றுத் தொங்கி, கண்மணியும் சிறுத்திருந்தால் பரிவு நரம்பில் (நாம் நினைக்காமல் தானாக இயங்கும் நரம்புத் தொகுதியின் ஒரு பகுதி) குறை. அந்த நரம்பின் தூண்டல் இல்லாமல் கதிராளியில் மெலனின் சரியாக ஏறாது. குழந்தையில் இதைக் கண்டால் கழுத்தையும் நெஞ்சையும் ஸ்கேன் செய்து கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

தமிழ்க் குழந்தையின் கண் பளிச்சென்ற நீலமாக இருந்தால், ஒன்றோ இரண்டோ, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கோ. வார்டன்பேர்க் நோய்க்கூட்டத்தில் மெலனோசைற்றுக் கலங்கள் கருவிலுள்ள நரம்பு முகட்டிலிருந்து தங்கள் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதே கலங்கள் உட்காதிலும் தேவை. அவை இல்லாவிட்டால் பிள்ளை செவிடாகலாம். கதிராளியின் பின்படை வேறு மூலத்திலிருந்து உருவாவதால் அது கறுப்பாகவே இருக்கும், அதனால்தான் கண் சிவக்காமல் அப்படியொரு நீலம். நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை, கண்களின் உள்மூலைகள் விலகியிருப்பது ஆகியவையும் அடையாளம். ஓ.ஏ.ஈ., பேரா என்று சொல்கிற செவிச் சோதனைகளைத் தூங்குகிற குழந்தைக்கே செய்யலாம். அழகான கண் என்று பார்த்துக்கொண்டிருந்து மூன்று வயதில் "இன்னும் பேச்சு வரவில்லை" என்று கொண்டுவந்தால் மொழி படிக்கிற அருமையான காலம் போய்விடும்.

பெரியவர்களில்: கிளாகோமாவுக்கு (கண் அழுத்த நோய்) லற்றனோபுறொஸ்ற் சொட்டு ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டால், மாதக்கணக்கில் அந்தக் கண் கறுக்கலாம், முக்கியமாகக் கலப்பு நிறக் கண்கள். கலங்கள் பெருகுவதில்லை, மெலனின்தான் கூடுகிறது. ஆனால் மருந்தை விட்டாலும் பழைய நிறம் திரும்பாது. அதற்காகச் சொட்டை நீங்களாக நிறுத்தவேண்டாம். பட்டறையில் இரும்பில் இரும்பால் அடிக்கிறவர்களுக்கு ஒரு கண் துருநிறமானால் உள்ளே இரும்புத் துண்டு கிடக்கலாம். எக்ஸ்ரே அல்லது சி.ரி. எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. கூடாது, காந்தம் துண்டை அசைத்துவிடும்.

கிளினிக்கில் கண்மணி விரிக்கச் சொட்டு விட்டபின் ஏன் இவ்வளவு நேரம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அதுவும் இந்த மெலனின்தான். மருந்து முதலில் மெலனினோடு ஒட்டிக்கொள்ளும். எங்கட கறுத்தக் கண் மெல்ல விரியும், பல தரம் சொட்டு விட வேண்டிவரும், விரிந்தது சுருங்கவும் நேரம் எடுக்கும்.

பார்வைச்சோதனை_கொழும்பு6

இதை வாசித்துவிட்டுப் பூனைக்கண் வேண்டுமென்று நிற வில்லை (கொண்டாக்ட் லென்ஸ்) வாங்கப் போகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கலியாண வீட்டுக்காலத்தில் இது கூடுதலாக நடக்கும்.

கறுத்தக் கண்ணில் மெல்லிய சாய வில்லை ஒன்றும் காட்டாது. ஒளிபுகாத அச்சுள்ளதுதான் வேலை செய்யும். அந்த அச்சின் நடுத்துளை அளவு மாறாது. இரவில் கண்மணி துளையைவிடப் பெரிதாக விரியும்போது நிறவிளிம்பு பார்வைக்குள் வந்து மங்கலாக்கும், அதோடு வாகனம் ஓடக்கூடாது. பவர் இல்லாத வில்லைக்கும் அளவு உண்டு. வளைவு 8.6, விட்டம் 14.2 என்று பெட்டியில் இருப்பது எல்லாருக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. இறுக்கமான வில்லை கண்ணுக்குப் போகிற ஒட்சிசனைக் குறைக்கும், தளர்ந்தது ஒவ்வொரு இமைப்பிலும் வழுக்கும். கோர்னியாவின் வளைவை அளந்து, போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பைப் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வில்லையிலோ அதன் பெட்டியிலோ படவே கூடாது. அக்கந்தமீபா என்ற உயிரி தண்ணீரில்தான் இருக்கிறது. அது கோர்னியாவில் பிடித்தால் சிகிச்சை மாதக்கணக்கு. கை கழுவித் துடைத்துக் காயவிட்டுத் தொடுங்கோ. புதுக் கரைசலில் விரலால் தேய்த்துக் கழுவுங்கோ, பழைய கரைசலுக்கு மேல் புதிது ஊற்ற வேண்டாம். பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கோ. வில்லையோடு தூங்க வேண்டாம், கடலில் குளிக்க வேண்டாம், தோழியோடு மாற்றிப் போட வேண்டாம்.

நிறத்தை நிரந்தரமாக மாற்றுகிற சத்திரசிகிச்சைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அழகுக்காகக் கதிராளிக்கு முன் பொருத்தும் செயற்கைத் தட்டு கோர்னியாவையும் கண் அழுத்தத்தையும் கெடுத்துக் குருடாக்கியிருக்கிறது. லேசரால் மெலனினைச் சிதைத்தால் அந்தத் துகள் கண்ணுக்குள் ஊறும் நீரின் வடிகாலை அடைக்கலாம். அழகுக்காக நிறம் மாற்றும் சத்திரசிகிச்சைகளுக்கு எதிராக அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2024 சனவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. கண் நிறம் மாற்றும் சொட்டு என்று இணையத்தில் விற்பதை வாங்கவே வேண்டாம்.

வில்லை போட்ட கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் உடனே கழற்றுங்கோ. நோ குறைந்தாலும் திரும்பப் போட வேண்டாம். வீட்டில் கிடக்கிற ஸ்டீரோயிட் சொட்டை விடவே கூடாது, கிருமியைப் பெருக்கிவிடும். கழற்றிய வில்லையையும் பெட்டியையும் எறியாமல் அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. அதில் இருந்துதான் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்ப்பார்கள்.